ஞாயிற்றுக்கிழமை வண்டி

குமாஸ்தா சாவியைத் திருப்பினார். வண்டி மூச்சுக்கூட விடவில்லை.

"இன்னொரு தடவை திருப்புங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார், பானட்டுக்குள் தலையை விட்டபடி.

திருப்பினார். அது பதினோராவது தடவை. ஆறு நாள் ஆபீஸில் கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு ஏழாம் நாளாவது காலை நீட்டித் தூங்கலாம் என்று பார்த்தால், மாமனாரின் ஐம்பது வயதுக் கார் ஞாயிறு தவறாமல் படுத்துக்கொண்டது. தூங்கவேண்டியவர் ஒருவர், தூங்கியது வேறொன்று.

இன்றைக்கு மட்டும் அது கிளம்பியே ஆகவேண்டும். நாலு மணிக்கு அதை விலைக்கு வாங்க ஒருவர் வருகிறார். கிளம்பினால் கையோடு ஓட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். அது தொலைந்தால் இனி வரும் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் குமாஸ்தாவுக்கே சொந்தம். நினைக்கும்போதே அவருக்குக் கண் செருகியது.

விற்பதற்கு மாமனாரைச் சம்மதிக்கவைக்க மூன்று மாதம் பிடித்தது. மனைவி மட்டும் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமனாருக்கு வார நாட்களில் வேலை சமையலறையில்தான். மகள் வெங்காயம் நறுக்குவதிலிருந்து பால் காய்ச்சுவது வரை பக்கத்தில் நின்று திருத்துவார். ஞாயிறு மட்டும் ஷெட்டுக்கு மாறிக்கொள்வார்.

"ஹெட்லைட்டைப் போடுங்க."

போட்டார். பளிச்சென்று எரிந்தது.

"பேட்டரி நல்லாருக்கு. இப்ப சாவியைத் திருப்புங்க. லைட்டு மங்குதா?"

"மங்கலை மாமா."

"அப்ப மோட்டாருக்குக் கரண்டே போகலை."

கண்டுபிடித்தவரைக்கும் சரிதான். அதோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வாராவாரம் வந்து சரிசெய்யும் எலக்ட்ரீஷியன் மூன்று மணிக்குத்தான் வருவேன் என்றிருந்தார், மாமனாருக்கோ பொறுமை என்பது அடுத்தவர்களுக்குச் சொல்லும் விஷயம்.

"எர்த் ஒயரைக் கழட்டிச் சுரண்டிப் போடுங்க."

சுரண்டினார். திரும்ப மாட்டி முடுக்கும்போது போல்ட்டின் தலை மட்டும் தனியாகக் கையோடு வந்தது. ஒரு கம்பியை எடுத்து இறுக்கிக் கட்டினார். சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை.

"சரி, ஸ்க்ரூ டிரைவரால மோட்டார்ல இருக்கிற ரெண்டு முனையையும் சேர்த்துத் தொடுங்க. மோட்டார் உயிரோட இருக்கான்னு பாத்துடுவோம்."

"ஷாக் அடிக்குமா மாமா?"

"பன்னெண்டு வோல்ட்டு. கூச்சங்கூட வராது."

தொட்டார். பொறி பறந்தது. மோட்டார் சுற்றியது, அதோடு வண்டியும் நகர்ந்தது. கைப்பிரேக்கை நம்பாத மாமனார் வண்டியை எப்போதும் முதல் கியரில் போட்டுத்தான் நிறுத்துவார். அதுதான் ஒழுக்கம் என்று முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார். பக்கவாட்டில் நின்றதால் குமாஸ்தா பிழைத்தார். வண்டி எதிர்ச்சுவரில் முட்டி, ஒரு ஹெட்லைட் உடைந்து, ஹாரன் அலற ஆரம்பித்தது.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு," என்றார் மாமனார் காதைப் பொத்திக்கொண்டு.

ஹாரன் நிற்கவில்லை. எந்த ஒயர் ஹாரனுக்குப் போகிறது என்று தெரியாததால், குமாஸ்தா கைக்கு அகப்பட்டதையெல்லாம் கொத்தாகப் பிடுங்கினார். ஹாரன் நின்றது. நல்லபடியாக எரிந்துகொண்டிருந்த இன்னொரு ஹெட்லைட்டும் அணைந்தது.

மனைவி வாசலில் வந்து நின்றாள். கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு பதிந்திருந்தது.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லை. மோட்டார் நல்லாருக்காம்."

"அவசரப்படாம நிதானமாப் பாருங்க. அப்பா, நீங்களும் பக்கத்துலயே இருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று மணிக்கு எலக்ட்ரீஷியன் வந்தார். குமாஸ்தாவின் கையிலிருந்த ஒயர்க்கொத்தைப் பார்த்துப் பையைக் கீழே வைத்தார்.

"நான் வர்றவரைக்கும் தொடாதீங்கன்னு சொன்னேனே சார்."

"போன வாரம் ஒரு ஒயர் கழண்டிருந்துச்சு, அதுக்கு முந்தின வாரம் இன்னொண்ணு. ஏன் இப்படிக் கழண்டுக்கிட்டே இருக்கு?" என்று கேட்டார் குமாஸ்தா.

"அதிர்வுல கழண்டுக்கும் சார்."

"ஓடாத வண்டிக்கு ஏதுப்பா அதிர்வு?" என்றார் மாமனார்.

எலக்ட்ரீஷியன் குடிக்கத் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வீட்டுக்குள் போய், சொம்போடு திரும்பி வந்து குனிந்துகொண்டார்.

பாதி ஒயரை மாட்டுவதற்குள் நாலு மணி ஆகி, வரவேண்டியவர் வந்துவிட்டார். வண்டியை ஒரே ஒரு சுற்று சுற்றினார். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், தொங்கும் ஒயர்களைப் பார்த்தார், கடைசியில் குமாஸ்தாவின் முகத்தைப் பார்த்தார்.

"வண்டி ரெடியானதும் சொல்லி அனுப்புங்க. அடுத்த ஞாயிறுகூட வரேன்."

அடுத்த ஞாயிறு. குமாஸ்தாவுக்கு அழுகை வந்தது. ஒரு மனிதன் தூங்க ஆசைப்பட்டது அவ்வளவு பெரிய குற்றமா என்று தோன்றியது. மாமனார் அவர் தோளைத் தட்டி, "விடுங்க மாப்பிள்ளை, நமக்கும் பொழுது போகணுமில்ல," என்றார்.

கையில் ஒட்டிய கரியைக் கழுவக் குமாஸ்தா கொல்லைக் குழாயடிக்குப் போனார். சோப்பைத் தேடிக் குனிந்தபோது, சமையலறை ஜன்னலுக்குள் எலக்ட்ரீஷியன் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும் ஓசை கேட்டது. பிறகு அவருடைய குரல், மிகவும் களைத்துப்போன குரல், தணிந்து வந்தது.

"அக்கா, அடுத்த வாரம் எந்த ஒயரைக் கழட்டி வைக்கப்போறீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க, நீங்க தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் நானும் எங்க வீட்டுல கொஞ்சம் தூங்கிக்கிறேன்."