பார்வதம்மாவின் அசைக்க முடியாத இடம்

உலக நீதி வரலாற்றில், மூடிய சுரங்கத்தின் தொழிலாளர் குடியிருப்பான ஊரிகம் லைன் வீடுகளுக்கு இனி தனி அத்தியாயம் உண்டு. அங்கே டேங்கர் தண்ணீர் வரிசை, பிளாக்செயின் என்னும் அழிக்க முடியாத கணினிப் பேரேட்டில் ஏறிவிட்டது.

அதற்கு முன்பு இருண்ட காலம். குடத்தை வைத்தால் இடம். பைப்பைப் பிடிக்கும் வேலு, தன் சொந்தக்காரர்களின் குடங்களைக் காலால் முன்னே தள்ளுவான். இந்த அக்கிரமம் பொறுக்காமல், தினமும் ரயிலில் பெங்களூர் போய்வரும் புரோகிராமர் டைட்டஸ் அதில் தானாகவே ஓடும் 'ஸ்மார்ட் கான்ட்ராக்ட்' நிரல் ஒன்றை எழுதினான். வரிசை அதில் ஓர் 'அரே', அதாவது எண் போட்ட இடங்களின் பட்டியல். போனில் பெயர் பதிந்தால் போதும். இனி மனிதக் கை படாது, காலும் படாது.

பார்வதம்மாவுக்கு இரண்டாம் இடம். மகள் மமதா பிள்ளை பெற்று வந்திருக்கிறாள். குழந்தைத் துணி அலசக்கூட வீட்டில் தண்ணீர் இல்லை. சாயங்காலம் டேங்கர் வந்தது. முதல் ஆள் பிடித்துக்கொண்டு போனதும் பார்வதம்மா குடத்தைத் தூக்கினாள். போனோ கடைசியில் நின்ற ஷோபாவை முதலிடத்துக்கு அழைத்தது. ஷோபா போனதும் அடுத்த கடைசி ஆளை அழைத்தது. பார்வதம்மா இரண்டாவதாகவே நின்றாள்.

வயிறெரிந்து டைட்டஸுக்குப் போன் போட்டாள். அவன் ரயிலில் இருந்தான்.

"மொதல் எடம் காலியானா, எல்லாரையும் ஒவ்வொரு எடமா நகத்தணும் ஆன்ட்டி. ஒவ்வொரு நகத்தலுக்கும் பிளாக்செயினுக்குக் கட்டணம் கட்டணும். கடைசி ஆள தூக்கி அதுல வெச்சா ஒரே வேலை. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"அப்போ நானு?"

"உங்க எடத்த யாராலயும் அசைக்க முடியாது ஆன்ட்டி."

மாற்றி எழுதச் சொன்னாள். ஒருமுறை ஏற்றிவிட்டால் எழுதியவனாலும் மாற்ற முடியாது, அதுதான் அதன் புனிதம் என்று அவன் விளக்கினான்.

தண்ணீர்க் கமிட்டித் தலைவர் ஏசுபாதம், கேஜ் என்னும் இரும்புக்கூண்டு லிஃப்டில் தினம் சுரங்கத்துக்குப் போய்வந்தவர், சமாதானம் சொல்ல வந்தார்.

"கேஜுல கடைசியா ஏறினவன்தானே மொதல்ல எறங்குவான்? அதே மொறைதாம்மா."

"கேஜுல எல்லாரும் எறங்குவாங்கண்ணா. நானு இன்னும் எறங்கலயே."

ஆழமான கருத்து என்று பாராட்டிய தலைவர், அதை அடுத்த கூட்டத்தில் 'பரிசீலிப்பதாக' வாக்களித்தார்.

ரயில் வந்தது. டைட்டஸ் ஸ்டேஷனிலேயே பெயர் பதிந்தான், கடைசி இடம். லைனுக்குள் நடந்து வருவதற்குள் முதலிடம். அவன் குடங்கள் நிறைந்ததும் பைப்பு இருமி நின்றது.

வேலு குடம் தள்ளியபோது அது அயோக்கியத்தனம். பார்வதம்மா வாய் நிறையத் திட்டுவாள், அவனும் பயந்து அரைக் குடமாவது ஊற்றுவான். இப்போது திட்டினால் காது கொடுக்க ஆளில்லை. டைட்டஸ் வீட்டில் தண்ணீர் தளும்புகிறது. இதற்குப் பெயர் நேர்மை.