இருபத்தேழு நட்சத்திர டயர்

டிசம்பர் 3

அன்புமிக்க மாப்பிள்ளை ஷுன்பெய் அவர்களுக்கு,

மலையடிவாரத்திலிருந்து மாமனார் கியோஹாரு பணிவோடு எழுதுவது. ஹக்காய் மலையின் தலை இந்த ஆண்டு மூன்றாம் முறையாகப் பனியில் வெளுத்துவிட்டது. முள்ளங்கியைக் கட்டித் தொங்கவிட்டாயிற்று, ஜன்னல்களுக்குப் பனிப்பலகை அடித்தாயிற்று, நாற்றப்பூச்சிகளும் வழக்கம்போல் குளிருக்கு அடைக்கலம் தேடி என் கம்பளிச் சட்டைக்குள் குடிவந்தாயிற்று. இந்நேரம் கடலோர வெயிலின் தயவில் தாங்களும் தங்கள் பெற்றோரும் தங்கள் காரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் சுகம். பிரசவத்துக்கு வந்திருக்கும் மிஸுஹோ மிகமிக சுகம். நேற்று ஒரே அமர்வில் ஐந்து அரிசி உருண்டைகளைச் சாப்பிட்டுவிட்டு, அதெல்லாம் குழந்தை கேட்டது என்று சொன்னாள்.

நிற்க. தாங்கள் அனுப்பிய பட்டியல் கிடைத்தது. காரின் டயர் நான்கும் தேய்ந்துவிட்டன, புதிதாகப் போட வேண்டும், பனி டயர் போடுவதா எல்லாப் பருவத்துக்கும் ஓடும் ஆல்-சீசன் டயர் போடுவதா என்று ஏழு வரிசை பிரித்து, வரிசைக்கு ஐந்து நட்சத்திரம் வைத்து, கலர் பென்சிலால் கட்டம் போட்டு அனுப்பியிருந்தீர்கள். மாமாவின் அபிப்பிராயம் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். கேட்டிருக்க வேண்டாம். முப்பத்திரண்டு வருடம் இந்த ஊருக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டியவனிடம் டயரைப் பற்றி அபிப்பிராயம் கேட்பவர், பதில் நான்கு பக்கத்துக்குக் குறையாது என்று தெரிந்துதான் கேட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆல்-சீசனுக்கு இருபத்தேழு நட்சத்திரம், பனி டயருக்குப் பத்தொன்பது. கூட்டிப் பார்த்தேன், கணக்கு சரிதான். இரைச்சல் என்ற வரிசையில் ஆல்-சீசன் ஜெயிக்கிறது. தேய்மானத்தில் ஜெயிக்கிறது. கழற்றி மாட்டி, மீதி நாளெல்லாம் வராந்தாவில் அடுக்கிவைக்கும் தொல்லையில் ஜெயிக்கிறது. அழகு என்று ஒரு வரிசையே வைத்திருக்கிறீர்கள். பனி டயருக்குச் சின்னச் சக்கரம் போட்டால் காரின் கணுக்கால் மெலிந்து தெரியும் என்று குறிப்பு வேறு எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை, என் மகளைப் பெண் பார்க்க வந்தபோதுகூட நீங்கள் இவ்வளவு உற்றுப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கடைசி வரிசைக்கு வந்தேன். 'உறைந்த சாலை: ஒரு நட்சத்திரம்.' பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்து. மூக்குக் கண்ணாடி பத்தாமல் உங்கள் மாமியார் நோபுயோவின் கண்ணாடியையும் மேலே வைத்துப் படித்தேன். 'சற்றுக் கவனம் தேவை' என்று இருந்தது. டிசம்பரிலிருந்து மார்ச் முடியும்வரை எங்கள் ஊர் முழுவதும் அந்தப் பொடி எழுத்துக்குள்தான் குடியிருக்கிறது.

போன பிப்ரவரியை நினைவுபடுத்துவது என் நோக்கமல்ல. ஆனாலும் நினைவுபடுத்துகிறேன். அன்று வெயில் அடித்தது உண்மை. அதற்காகக் காரின் கூரையைத் திறந்துகொண்டு எங்கள் ஊருக்குள் வந்த முதல் மனிதர் நீங்கள்தான். சாலையின் நடுவே வரிசையாக ஓட்டை போட்டு, நிலத்தடித் தண்ணீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கிறோம் என்பது பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மற்றவர்கள் வண்டியில் அந்தத் தண்ணீர் கதவுக்குக் கீழே படும். உங்கள் வண்டி தரையோடு தரையாகப் படுத்திருப்பதால் நேராகக் காதுக்குள் போனது. அதுவும் இரும்புத் துரு கலந்த செந்நீர். இரண்டு கிலோமீட்டர் நனைந்து, சிவந்து, எங்கள் மேட்டின் அடியில் வந்து நின்றீர்கள். டிக்கியில் இடமில்லை என்பதால் ஆரஞ்சுப் பெட்டி மிஸுஹோவின் மடியில்.

தண்ணீர்க் குழாய் அந்த மேட்டின் அடியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் எங்கள் வீடுவரை இருநூறு மீட்டர் அவரவர் டயரும் அவரவர் அதிர்ஷ்டமும்தான். நீங்கள் ஏறினீர்கள். முன் பம்பர் பனியை வாரிக்கொண்டே வந்தது. நான் காலமெல்லாம் செய்த வேலையை உங்கள் கார் செய்வதைப் பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வேலைதான் சுத்தமில்லை. பாதி மேட்டில் பின்சக்கரங்கள் பாட ஆரம்பித்தன. பிறகு கார் வந்த வழியே பின்னால் வழுக்கத் தொடங்கியது. எவ்வளவு மெதுவாக என்றால், ஒவ்வொரு வீட்டுக்காரரும் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வர நேரம் இருந்தது. நீங்களும் மரியாதை விடாமல் ஒவ்வொரு வாசலுக்கும் தலை குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டே இறங்கினீர்கள். கடைசியில் டயர்க்கடை இகராஷி வீட்டுப் பனிக்குவியலில் போய்ப் பின்புறமாக அமர்ந்தீர்கள். ஆரஞ்சுகள் உருண்டன. அவற்றைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள், இரண்டொன்று சாப்பிட்டிருப்பார்கள், அவ்வளவுதான். இகராஷி டிராக்டர் வைத்து எங்கள் வாசல்வரை இழுத்துக் கொடுத்தார். அத்தோடு விட்டதா? அன்றைக்கு ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போனீர்கள். இங்கே குளிர்காலத்தில் யாரும் அதைத் தொட மாட்டார்கள். அது உறைந்துபோய், மூன்று நாள் உங்கள் கார் எங்கள் வாசலில் சிலையாக நின்றது.

உங்கள் பட்டியலை அந்த இகராஷியிடமே கொண்டுபோய்க் காட்டினேன். முழுதும் படித்தார், மரியாதையாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நட்சத்திரம் பாட்டுக்கு வானத்துல இருக்கட்டும். மேட்டுல ஐஸ் இருக்கும்போது உங்க மாப்பிள்ளை கீழ இருப்பாரா மேல இருப்பாரா, அத மட்டும் கேளுங்க" என்றார். மெல்லிய பனிக்கு ஆல்-சீசன் போதும், கடலோரத்தில் ராஜா, ஐஸ் மேல் மட்டும் அது கைவிட்டுவிடும் என்பது அவர் கட்சி. குளிர்காலம் மிதமாக இருக்கும் என்று வானிலைக்காரர்கள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். நேற்று நோபுயோ காயப்போட்ட துணியில் நாற்பத்து மூன்று நாற்றப்பூச்சிகள் இருந்தன. பூச்சி கூடினால் பனி கூடும் என்பது எங்கள் கணக்கு. நாற்பத்து மூன்றை நான் பார்த்ததே இல்லை.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்றால், டாக்டர் சொன்ன தேதி ஜனவரி பதினெட்டு. வலி கண்டதும் போன் வரும், ஐந்து மணி நேரத்தில் காரில் வந்துவிடுவேன் என்று நீங்கள் மிஸுஹோவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அவளும் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள். நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு, "அவரு வந்துருவாருல்லப்பா?" என்று கேட்டாள். வந்துவிடுவார் என்று சொன்னேன். அந்த மேட்டை நன்றாகத் தெரிந்த நான் அப்படிச் சொன்னேன்.

மாப்பிள்ளை, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மிஸுஹோ பிறந்த அன்று பனி கூரைமட்டம் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையைத் தள்ளித் திறந்துவிட்டவனே நான்தான். என் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து வந்த கார்கள் வரிசையாக உள்ளே போயின. அதில் இரண்டு பேர் அன்றைக்கு அப்பா ஆனார்கள். நான் வாசல்வரை தள்ளிவிட்டுத் திரும்பி அடுத்த சாலைக்குப் போனேன், அதுதான் வேலை. பெண் குழந்தை என்று அலுவலகத்திலிருந்து வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். போய்ப் பார்க்கும்போது குழந்தையைக் குளிப்பாட்டி முடித்து ஒருநாள் ஆகியிருந்தது. நோபுயோ சண்டை போடவில்லை. "ரோடு நல்லா இருந்துச்சாம், எல்லாரும் சொன்னாங்க" என்றாள். முப்பத்தொரு வருடமாகிறது, அந்த ஒரு வாக்கியம் இன்னும் எனக்கு வலிக்கிறது. ஆகவே பனி டயர் போடுங்கள். காரின் கணுக்கால் மெலிந்தால் மெலியட்டும். நான்கு சக்கரத்துக்கும் போடுங்கள், பின்னால் இரண்டுக்கு மட்டும் போட்டு மிச்சம் பிடிக்கும் யோசனை வேண்டாம்.

தங்கள் பெற்றோருக்கு எங்கள் வணக்கங்கள். தாங்கள் எல்லா நலமும் பெற்று, சறுக்காத பாதையில் நீண்ட காலம் செல்ல இந்த மலையடிவாரத்துக் கிழவனின் ஆசிகள். நோபுயோவும், மிஸுஹோவும், இன்னும் பெயர் வைக்கப்படாதவரும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும் மாமனார்,
ஓனோசுகா கியோஹாரு

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நோபுயோ இதை வாங்கிப் படித்துவிட்டாள். நான்கு பக்கமும் படித்தாள். பிறகு, "உங்க பொண்ணு போன வாரம் எதுல வந்தா? பறந்தா வந்தா?" என்று கேட்டாள். ரயிலில் வந்தாள். நானேதான் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவந்தேன். "வலி கண்டப்புறம் எதுக்கு ஓடி வரணும்? ஒரு வாரம் முன்னாடியே லீவு போட்டு ரயில்ல வந்து இருக்கச் சொல்லுங்க. ரயிலுக்கு எந்த டயர்னு ரெண்டு பேரும் அப்புறமா உக்காந்து யோசிங்க" என்றாள். ஆகவே மேலே உள்ள நான்கு பக்கங்களையும் எழுதப்படாதவையாகக் கருதவும்.

கிழித்தே போட்டிருப்பேன். அந்த நேரம் பார்த்து உங்கள் போன் வந்தது. நோபுயோதான் எடுத்தாள். நீங்கள் காரையே விற்கப்போவதாகவும், சனிக்கிழமை கையெழுத்துப் போடுவதாகவும், கதவு பக்கவாட்டில் சறுக்கித் திறக்கும் குடும்ப வண்டி ஒன்றைப் பனி டயரோடு பார்த்து வைத்திருப்பதாகவும் வந்து சொன்னாள். மிஸுஹோவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை, யார் விற்கச் சொன்னது? இன்னும் உங்கள் கைக்கு வராத இந்தக் கடிதத்தில்கூட நான் டயரைத்தானே கேலி செய்தேன்? உங்கள் கார் எங்கள் வாசலில் உறைந்து நின்ற மூன்று நாளும், காலையில் நீங்கள் எழுந்திருக்கும் முன், பனியைத் துடைக்கிறேன் பேர்வழி என்று போய் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுக்க மஞ்சள் வண்டியில் மணிக்கு இருபது கிலோமீட்டர் போனவன் நான். மே மாதம் கூரையைத் திறந்துவிட்டு ஆற்றங்கரையோடு ஒருமுறை கூட்டிப்போகச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று பத்து மாதமாக வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன். பிள்ளை பெற்றவர் தனக்குப் பிடித்ததையெல்லாம் விற்றுவிட வேண்டும் என்று எவனும் சொல்லவில்லை. ஆல்-சீசனே போடுங்கள், எனக்கு முழுச் சம்மதம், இருபத்தேழு நட்சத்திரம் என்ன சும்மாவா?

கையெழுத்துப் போடாதீர்கள். ஜனவரி பத்தாம் தேதி ரயிலில் வாருங்கள். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினோரு நிமிடம். நான் ஓட்டுகிறேன், நீங்கள் பின்சீட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். வாசலில் உங்களை இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்திவிட்டு நான் வருகிறேன். எனக்காக நிற்க வேண்டாம், நீங்கள் உள்ளே போங்கள்.