ஹாரன் அக்கா வண்டியில் பாடம்

ஹாரன் அக்காவின் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டு, ஏதாவது பாடம் நடத்தாமல் இறங்கியவர் வடசென்னையில் ஒருவரும் கிடையாது.

விம்கோ நகரிலிருந்து ராயபுரம் வரை ஓட்டுவார். ரப்பர் பந்து ஹாரன். பச்சை விளக்குக்கு ஒருமுறை, சிவப்புக்கு இருமுறை, சாலை காலியாக இருந்தால் மூன்று முறை அமுக்குவார். சும்மா இருப்பது அவர் உடம்புக்கு ஆகாது.

தினமும் அந்த வண்டியில் பள்ளிக்கு வருவாள் சுமித்ரா. அப்பா ஒடிசாவிலிருந்து கன்டெய்னர் யார்டு வேலைக்கு வந்தவர். பத்தாம் வகுப்பு, தமிழும் தகராறு, கணக்கும் தகராறு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்து, கல்லூரி வரை வந்தவள் நான். ஏறிய அன்றே மாட்டிக்கொண்டேன்.

"காலேஜா? குந்து. டோல்கேட் வர்றதுக்குள்ள இந்தப் பொண்ணுக்கு அல்ஜீப்ரா சொல்லிக் குடு."

"அக்கா, இன்னிக்கு எனக்கே பரீட்சை!"

"அதுக்கு இன்னா? சொல்லிக் குட்தா உன் மண்டையிலயும் ஏறும்."

தமிழுக்கு, காலிக் கூடையோடு காசிமேடு போகும் மீன்காரம்மா. பலன் உடனே தெரிந்தது. ஏன் தாமதம் என்று கேட்ட டீச்சரிடம் சுமித்ரா கைகட்டி நின்று சொன்னாளாம்: "டிராபிக் ஒரே பேஜாரா கீது டீச்சர்."

பொதுத்தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில் அவள் அப்பாவுக்கு ஓசூருக்கு வேலை மாறியது. மறுநாளே குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். தேர்வு போனால் படிப்பும் அதோடு சரி. சுமித்ரா வண்டியில் அழுதாள். அக்கா நேராக அவர்கள் தகரக் கொட்டகைக்கு வண்டியைத் திருப்பி, அவள் அப்பா வெளியே வரும்வரை ஹாரனை அமுக்கினார்.

"நைனா, நீ போ. பொண்ணு பரிச்ச எய்தினு வரட்டும்."

"எங்க தங்கும்?"

"என் வூட்ல."

"இல்லன்னா என் வூட்ல!" என்றார் மீன்காரம்மா. "எங்க வீட்லயும் இடம் இருக்கு!" என்று நானும் கத்தினேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "யார் வூடா இருந்தா இன்னாம்மா? எனுக்கு டூட்டி, வண்டிய எடு!" என்றார்.

சுமித்ராவின் அப்பா சிரித்துவிட்டார். மகளின் பையை மட்டும் எடுத்துவந்து அக்காவிடம் கொடுத்தார்.

முதல் தேர்வன்று என் வகுப்பு முடிந்து தேர்வு மையத்துக்கு ஓடினேன். சவாரியை விட்டுவிட்டு அக்கா காலையிலிருந்து வாசலிலேயே இருந்தார். வண்டியில் ஹாரனைக் காணோம். ரப்பர் பந்தைக் கழற்றி மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா இது?"

"உஷ்! கை சும்மா இருக்காது, தானா அமுக்கிடும். உள்ள கொயந்த எய்தினுகீது."

அவர் விரல்கள் துடித்துக்கொண்டே இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பந்தின் மேல் நானும் ஒரு கையை வைத்துக்கொண்டேன்.