மரியாதைக்கு ஒரு ஸ்கேன்

"என்னடா முழிக்கிற? பலமா அடிபட்டுச்சா?"

தலைமை நூலகர் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தார். சாய்ந்து கிடந்த அலமாரி, சிதறிய அகராதிகள், உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டு உதவி நூலகி. அறையில் வேறு யாருமில்லை. மூன்று வருஷமாக "ஐயா" போடாமல் வாய் திறக்காத பெண்!

"என்னம்மா சொன்னே?"

"தண்ணி வேணுமாடான்னு கேட்டேன்."

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. உடனே பாவமாகவும் இருந்தது. பத்தாம் தொகுதி அவள் மண்டையில்தான் விழுந்திருக்க வேண்டும். அவர் தலையில் விழுந்தது ஆறாம் தொகுதி. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் வாசகர்கள் நிறைந்த கூடத்தில், "இதுல கையெழுத்துப் போடுடா" என்றாள். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பயந்துவிட்டார்கள் போலும். அவர் விறுவிறுவென்று வேலைநீக்கக் கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்தார். மண்டையில் கோளாறு என்றால் மன்னிப்பு, கொழுப்பு என்றால் வீட்டுக்கு.

வீட்டில் மனைவி கூப்பிட்டாள். "சாப்பிட வாடா, ஆறுது."

அவர் கையிலிருந்த டம்ளர் நழுவியது. "நீ அந்தப் பொண்ணுகிட்ட பேசினியா?"

"ஆமா, போன்ல நலம் விசாரிச்சேன். ஏன்டா?"

போன் வழியாகவே பரவுகிறதே!

அடுத்த நாள் மூக்கோடு வாயையும் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, உதவி நூலகியை மருத்துவமனைக்கு இழுத்துப் போனார்.

"டாக்டர், இவளுக்கு மரியாதை மட்டும் மறந்துபோச்சு."

"இருக்கலாம்டா," என்றார் டாக்டர். "மூளையில அடிபட்டா சிலருக்குக் காய்கறிப் பேர் மட்டும் மறந்துடும், மத்ததெல்லாம் ஞாபகம் இருக்கும். எந்த இடத்துல அடின்னு ஸ்கேன் காட்டிடும்."

நூலகர் கைக்குட்டையை இன்னும் இறுக்கினார். டாக்டருக்கும் தொற்றிவிட்டது.

"எனக்கு ஒண்ணுமில்லடா டாக்டர்," என்றாள் அவள். டாக்டர் சிரித்தார். பெரிய மனசுதான்.

பிறகு நூலகரிடம் திரும்பினார். "அலமாரி உன் மேலயும் விழுந்துச்சாமே? நீயும் போய்ப் படுடா."

"படுக்கறேன். ஒப்பிட்டுப் பாக்க ஒரு நல்ல மூளை வேணுமில்ல?"

படபடவென்று தட்டிய இயந்திரத்துக்குள் இருவரும் ஒருவர்பின் ஒருவராகப் போய்வந்தார்கள். கடைசியில் ஸ்கேன் எடுத்தவர் படங்களோடு வெளியே வந்தார்.

"இந்தப் பொண்ணு மூளையில ஒரு கீறல்கூட இல்ல."

"அப்ப கொழுப்புதான்!" நூலகர் கடிதத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

உதவி நூலகிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நான் என்னடா தப்பு பண்ணேன்? இந்த வேலைய நம்பித்தான்டா எங்க வீடே ஓடுது!"

அவருக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டு 'டா'வும் சேர்ந்து பேனாவைக் காகிதத்தில் ஊன்றவைத்தன.

ஸ்கேன் எடுத்தவர் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பேனாவை மூடுடா. அவளும் மரியாதையாத்தான் பேசறா, நாங்களும் மரியாதையாத்தான்டா பேசறோம். அதைக் கேக்குற இடத்துல அடிபட்டிருக்கறது உன் மூளையில!"