ஏலத்தில் போன சேவல்

"ஏங்க, போஸ்ட் ஆபீசுக்குப் போன் வந்துச்சாம். பஸ்ஸே ஓடல. பிரசங்கியார் உளுந்தூர்பேட்டையில மாட்டிக்கினாராம்."

மனைவி எஸ்தர் சொன்னதும் உபதேசியார் தேவநேசன் கையிலிருந்த காகிதத் தோரணம் நழுவி விழுந்தது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். சாயங்காலமோ எழுப்புதல் கூட்டம். கல்வராயன் மலையடிவாரத்து அந்தச் சின்னச் சபைக்கு எழுப்புதல் வேண்டுமென்று தேவநேசன் வருஷக்கணக்காக ஜெபித்து வந்தார். சபையார் மனந்திரும்ப வேண்டும், அழ வேண்டும், ஒருவரையொருவர் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குச் சென்னையிலிருந்து ஆள் வந்தாக வேண்டும் என்பதில் பாவம், அவருக்குச் சந்தேகமே கிடையாது.

"வயக்காட்டு வழியா டிராக்டர் போவும்" என்றாள் எஸ்தர். "சின்னதுரை அண்ணன்கிட்ட இருக்குதே."

தேவநேசன் முகம் சுண்டிப்போனது. போன அறுப்பின் பண்டிகையில் காணிக்கைச் சேவலை ஏலம் விட்டவர் அவர்தான். சின்னதுரை வாயைத் திறப்பதற்குள் 'மூணு தரம்' சொல்லி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. சபையும் இரண்டாகி, கோயிலில் பக்கம் பிரிந்து உட்கார்ந்தது.

"நீ போய்க் கேளேன்."

எஸ்தர் போனாள், வந்தாள். "கேக்கறவரு நேர்ல வரணுமாம்."

வேறு வழியில்லாமல் போனார். சின்னதுரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"டிராக்டருக்கு மட்டும் நான் வோணுமா?"

"அட, ஒரு சேவலுக்கு இத்தினி ரோசமா?"

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"சேவலா? என் பொண்டாட்டி உசுரா வளத்ததுய்யா அது! வேண்டிக்கினதால குடுத்தா. ஏலத்துல எடுத்துத் தரேன்னு அவகிட்ட சொல்லிட்டு வந்தேன். வெறுங்கையோட வூட்டுக்குப் போனேன்." சின்னதுரை துண்டை உதறித் தோளில் போட்டார். "பிரசங்கியாருக்காக அனுப்பறேன். உமக்காக இல்ல."

டிரைவர் மாயவன் வண்டியைக் கிளப்பினான்.

சாயங்காலம் கோயில் நிரம்பியது. தெரிந்த பாட்டெல்லாம் பாடித் தீர்ந்தது. டிராக்டரைக் காணோம்.

"அவரு வர்ற வரைக்கும் நீரே பேசும். ஏலத்துல நல்லாத்தான சத்தம் வந்துச்சு" என்றார் சின்னதுரை. அவர் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள்.

தேவநேசன் எழுந்தார். வசனம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, சேவல்தான் வந்தது.

"அன்னிக்கி சின்னதுரை கையத் தூக்கறத பாத்துட்டுத்தான் மூணு தரம் சொன்னேன்" என்றார். "என்ன மதிக்க மாட்டேங்கறாருன்னு கோவம். அந்தம்மா வளத்ததுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அப்படித்தான் பண்ணியிருப்பேன். என்ன மன்னிச்சிடு, சின்னதுரை."

சின்னதுரை விறுவிறுவென்று வந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். உடனே ராஜாம்பாள் எழுந்து, பக்கத்து வீட்டுக் கரும்பில் தெரிந்தே ஆட்டை விட்டதை ஒப்புக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி எழுந்து, அந்த ஆட்டின் காலை ஒடித்தது தான்தான் என்றாள். இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கம் போனார்கள்; அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். கோயிலே அழுதது.

தேவநேசன் பதறிப்போனார். "கொஞ்சம் பொறுங்க! எல்லாத்தியும் இப்பவே அழுது தீத்துட்டா, பிரசங்கியார் வந்து இன்னா பண்ணுவாரு?"

யாரும் பொறுக்கவில்லை. பிரசங்கியாரும் வரவில்லை.

மறுநாள் காலையில் மாயவன் தனியாக வந்து டிராக்டரை நிறுத்தினான்.

"பிரசங்கியார் எங்க மாயவா? இந்த வருசமும் எழுப்புதல் இல்லாம போச்சே!"

"நேத்தே இட்டுக்கினு வந்துட்டேங்க. வாசல்லயே நின்னு எல்லாத்தியும் பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம் கண்ணத் தொடச்சிக்கினு, வண்டியத் திருப்புன்னுட்டாரு."

"சென்னைக்கா?"

"இல்லீங்க, எலவனாசூர்கோட்டையில அவரு தம்பி வூட்டுக்கு. வரும்போது அந்த வூட்ட மூஞ்சியத் திருப்பிக்கினு தாண்டினவரு, போவும்போது அங்கயே எறங்கிட்டாருங்க."