தறி ஓடியது, தார் தீரவில்லை

ணங்.

கரண்டி வாணலியின் விளிம்பில் மோதும் ஓசை. பல வருஷங்களுக்கு முன்னால், மைத்துனரின் காரியம் முடிந்து வீடு திரும்பிய மறுநாள், சிவபாலன் அதை முதன்முதலில் கேட்டார். மைத்துனர் பீடி பிடித்து, இருமி இருமியே போனவர். அன்று சிவபாலன் தறியை நிறுத்திவிட்டு ஒரு பீடிக்காகத் தெருவில் கால் வைத்தார். சமையல்கட்டிலிருந்து ணங். மனைவி ஏலவார்குழலி வேறொன்றும் சொல்லவில்லை. அண்ணனைப் பறிகொடுத்தவள் அதற்கு மேல் என்ன சொல்வாள்.

அன்று முதல் பிள்ளையார்பாளையத்து அந்த வீட்டில் அது சட்டமாயிற்று. தறி நின்றால் கரண்டி பேசும். தறியருகே புகைக்கவும் வழியில்லை. பட்டு எந்த வாசனையையும் விடாது. பீடி நாற்றத்தோடு முகூர்த்தப் புடவை மணமேடை ஏறும். ஆகவே பீடி வேண்டுமென்றால் தறியை நிறுத்தித் தெருவுக்குப் போயாக வேண்டும். தறி நிற்பது நாலு வீட்டுக்குக் கேட்கும். குழலிக்குக் கேட்காதா?

இந்தச் சட்டத்தை உடைத்தே தீருவது என்று சிவபாலன் ஒரு நாள் முடிவு செய்தார். குழலி ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போயிருந்த காலையில், செல்போனைத் தறியின் மேல் வைத்து, தாம் நெய்யும் சத்தத்தைப் பதிவு செய்தார். ஓர் இழைகூட அறுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் அன்றுதான் ஒழுங்காக நெய்தார்.

மறுநாள் பதினோரு மணிக்குத் தறிக்குழியிலிருந்து எழுந்தார். போனைத் தட்டினார். டட்டக், டட்டக். தறி பாட்டுக்கு ஓடியது. ஆள் எதிர்ச்சந்து டீக்கடையில் பீடி பற்றவைத்தார்.

"இன்னாபா, உன் தறி ஓடிக்கினு இருக்குது, நீ இங்க நிக்கிற?" என்றார் டீக்கடை முனிரத்தினம்.

"நான் இல்லாமயே ஓடுற மாதிரி பழக்கி வெச்சிருக்கேன்பா."

கரண்டி மௌனமானது. இப்படியே தினமும் நடந்தது. சிவபாலனுக்கு உலகத்தை ஜெயித்த மாதிரி இருந்தது. உலகம் என்றால் சமையல்கட்டுதானே.

அந்த நேரம் பார்த்து ஒரு பல் ஆட ஆரம்பித்தது. இட்லி தின்னப் பல் எதற்கு என்று ஒரு வாரம் ஓட்டினார். குழலி விடாமல் பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் இளவரசிக்கு மகள் வயதுதான் இருக்கும். வாய்க்குள் பார்த்தார்.

"பீடியா, சிகரெட்டா?"

"எப்பவோ விட்டாச்சுமா."

டாக்டர் குழலியைப் பார்த்தார். குழலி சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தாள். விட்டவர் ஈறு இப்படி இருக்காது என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் பல்லைப் பிடுங்கி, அந்த இடத்தில் பஞ்சை அடைத்தார். பிறகு சொன்னார்: "பல்லைப் பிடுங்கிட்டேன் சார். பீடியை நான் பிடுங்க முடியாது. விடறதுக்கு உதவி பண்றதுக்குன்னே ஒரு மையம் இருக்குது. அங்க உங்களைச் சேத்து விடறேன். சம்மதமா?"

சிவபாலன் கணக்குப் போட்டார். சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். சீட்டு என்றால் தொலையும். தாராளமாகத் தலையாட்டினார்.

சீட்டு வரவில்லை. "நீங்க தேடிப் போக வேணாம். உங்க நம்பரை இப்பவே அனுப்பிட்டேன், அவங்களே கூப்பிடுவாங்க" என்றார் டாக்டர். பஞ்சடைத்த வாய் 'ம்ம்' என்றது. எப்போது கூப்பிட்டால் வசதி என்று நர்ஸ் கேட்டதற்கும் குழலிதான் போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டு மூன்று நாள் போயிருக்கும். டீக்கடையில் பாதி பீடி. சந்துக்கு அந்தப் பக்கம் டட்டக் டட்டக். திடீரென்று சத்தம் நின்றது.

ணங் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

வாயில் சோம்பை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, அவர் உட்காரும் இடத்தில் குழலி உட்கார்ந்திருந்தாள். காதில் அவர் போன்.

"இதோ வந்துட்டாரும்மா. நெய்துக்கினு இருந்தவரு எழுந்து வர்றாரு." போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "மையத்துல இருந்து லில்லின்னு ஒரு பொண்ணு பேசுதுங்க. நல்லா ஓடிக்கினு இருந்த தறி, போன் வந்ததும் நின்னுபோச்சு."

சிவபாலன் வாயிலிருந்த சோம்பை விழுங்கினார். "எப்பத்துல இருந்து தெரியும்?"

"மொத நாள்ல இருந்து."

பக்கத்துக் கூடையைக் காட்டினாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற, ஊடை நூல் சுற்றிய சின்னக் குழல்கள், தார்கள், காலையில் அவள் வைத்தபடியே கிடந்தன. "சுத்தி வெக்கிறவ நானு. தறி ஓடுது, தார் தீரல. ஒரு இழைகூட அறுந்து நிக்கல. உங்க கையில அப்படி ஓடுமா?"

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேற ஒண்ணு கண்டுபிடிப்பீங்க. எங்க அண்ணன் எவ்வளவு கண்டுபிடிச்சாரு." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிவபாலன் கையை நீட்டினார். போனை வாங்கிக் காதில் வைத்தார். லில்லி திட்டவில்லை. எப்போதெல்லாம் பீடி ஞாபகம் வருகிறது என்று கேட்டார். வந்தால் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், நாங்கள் அவ்வப்போது கூப்பிடுகிறோம் என்றார்.

"எங்க வீட்டு நேரம் உங்களுக்கு எப்படிமா தெரியும்?"

"உங்க வீட்டம்மாதான் சார் பதினோரு மணின்னு சொல்லி அனுப்பினாங்களாம். அப்பதான் போன் தனியா இருக்குமாம்."

சிவபாலன் தறிக்குழியின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு சார். கை சும்மா இருந்தா பீடியைத் தேடும். அந்த நேரத்துக்குக் கைக்கு ஒரு வேலை வேணும். வீட்ல எதாச்சும் இருக்குதான்னு கேட்டேன். அம்மா ஒண்ணு சொன்னாங்க."

குழலி தார் சுற்றும் ராட்டையை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

நடுவில் இரண்டு முறை தவறினார். லில்லி மறுபடியும் கூப்பிட்டார். சிவபாலன் பீடியை விட்டு வருஷம் ஒன்று ஆகப்போகிறது. அந்த வீட்டில் தார் சுற்றுவது இப்போது அவர்தான்.