ஆறால் வகுபடாத விருந்து

ஓர் எண் ஆறால் மீதியின்றி வகுபடுமா என்பதை வகுத்துப் பார்க்காமலே சொல்லக்கூடிய மனிதர் ஊவா மாகாணம் முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். பெயர் மர்ஸூக், வயது இருபத்திரண்டு. இந்தச் செய்தியை மாகாணத்துக்கு அறிவித்தவரும் அவரே.

"கடைசி இலக்கம் ரெட்டையா இரிக்கணும். இலக்கத்தயெல்லாம் கூட்டினா மூணால வகுபடணும். ரெண்டும் சரின்னா ஆறு போகும். அவ்வளவுதான் நானா," என்றான் மர்ஸூக். கண்டிக் கல்லூரியிலிருந்து அவன் பதுளைக்குக் கொண்டுவந்த சரக்கு இந்த விதியும் ஒரு ஜோடிச் சப்பாத்தும்தான்.

அவன் 'நானா' என்று, அதாவது அண்ணன் என்று, அழைத்தது ஸலீமை. புடவைக்கடை இப்றாஹீம் ஹாஜியாரின் ஒரே மருமகன். அகலமான மனிதர்.

"நான் ஆறு ஆறு பேராக் கையப் புடிச்சிக் குந்த வெப்பேன். கடைசி ஸஹன் தட்டுல எத்தன பேர் வந்தாலும் அவங்களோட நானும் குந்திடுவேன். கணக்கு முடிஞ்சிரும்."

"அது கணக்கில்ல நானா, பசி," என்றான் மர்ஸூக். "வகுக்கத் தெரியாத மனிசன் வயித்தால வகுக்கிறான்."

ஸலீம் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். மறுத்துப் பேச அங்கே ஆதாரம் ஒன்றும் இல்லை.

அன்று ஹாஜியாரின் மகன் புவாதின் வலீமா, அதாவது கல்யாண விருந்து. ஸஹன் என்னும் பெரிய தட்டில் சோற்றையும் இறைச்சியையும் குவித்து வைத்தால், சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். தட்டு நிறையப் பேர் சேரும்வரை யாரும் சோற்றில் கை வைப்பதில்லை.

மர்ஸூக்குக்கு இதில் சோற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. ஹாஜியாரின் இளைய மகள் ஹம்ஸியாவைப் பெண் கேட்டு அவனுடைய உம்மா ஆள் அனுப்பியிருந்தார். பல மாதமாகப் பதில் இல்லை. கடைசியில், "வலீமாவுக்கு ஆக்களக் குந்த வெக்கிற வேலைய ஒங்கட மகன் பார்க்கட்டும்," என்று மட்டும் ஹாஜியார் சொல்லி அனுப்பினார். இது பரீட்சை என்று மர்ஸூக் புரிந்துகொண்டான். பரீட்சைக்கு அஞ்சுகிறவன் அல்ல அவன்.

வீட்டாரை விட்டுவிட்டு விருந்தாளிகளை எண்ணினான். எண்பத்தைந்து பேர். ஒற்றை எண், எட்டும் ஐந்தும் பதின்மூன்று. இரண்டு விதியிலும் தோல்வி. எண்பத்துநான்கு என்றால் எட்டும் நான்கும் பன்னிரண்டு, அப்பழுக்கில்லாத எண். ஆகவே குற்றம் எண்ணில் இல்லை, ஓர் ஆளில் இருந்தது.

அந்த ஆளாக லத்தீபைத் தேர்ந்தெடுத்தான். பால்ய நண்பன், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டான்.

"மச்சான், நீ பொறவு சாப்பிடேன்."

"ஏன்?"

"நீ இரிந்தா வகுபடுதில்ல."

லத்தீப் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலை நோக்கி நடந்தான். அவனுடைய தம்பிமார் இரண்டு பேரும் காரணம் கேளாமலே எழுந்து பின்னால் போனார்கள்.

எண்பத்திரண்டு. இரட்டை எண்தான், ஆனால் கூட்டினால் பத்து.

"சோறு எறக்கியாச்சு மகன்," என்றார் சமையல் ஜுனைதீன் கொல்லையிலிருந்து.

"ரெண்டு பேர் வேணும், பொறுங்க."

தெருவில் அப்போதுதான் ஹாலிஎலவிலிருந்து ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. மழையில் நனைந்த நான்கு வியாபாரிகள் இறங்கினார்கள். மர்ஸூக் ஓடினான்.

"வாங்க, வலீமாச் சாப்பாடு. ரெண்டு பேர் வந்தாப் போதும்."

அந்த ரெண்டு பேர் யார் என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நான்கு பேரும் உள்ளே போனார்கள். எண்பத்தாறு.

அதே நேரத்தில் ஹாஜியார் சந்திவரை போய், லத்தீபின் தோளில் கை போட்டு, மூன்று சகோதரர்களையும் சமாதானப்படுத்தித் திருப்பிக் கூட்டி வந்துவிட்டார். எண்பத்தொன்பது. எட்டும் ஒன்பதும் பதினேழு.

பதினான்கு ஸஹன் நிறைந்துவிட்டது. பதினைந்தாவதில் ஐந்து பேர். அவர்களுக்கு நடுவில் வெறுமையாக ஓர் இடம். அந்த இடத்துக்குப் பக்கத்தில் லத்தீப் மர்ஸூக்கைப் பார்த்தவாறு உட்கார்ந்திருந்தான்.

மர்ஸூக் மறுபடி வாசலுக்கு ஓடினான். வண்டிக்காரர் முருகையா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு வாய் சாப்பிட வாங்களேன்."

"மன்னிச்சுக்கங்க தம்பி. வெள்ளிக்கெழம நான் கவுச்சி தொடுறதில்லீங்க."

"சும்மா குந்தினாப் போதும்ணே. எண்ணிக்கைக்கு."

"எண்ணிக்கைக்காங்க?" என்று கேட்டுவிட்டு முருகையா மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். மாடும் அப்படியே செய்தது.

மர்ஸூக் உள்ளே வந்தபோது ஹாஜியார் பதினைந்தாவது ஸஹனருகே நின்றார். சோற்றில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்துத் திரை ஒருமுறை அசைந்து நின்றது. அது ஹம்ஸியாவாக இருக்கக் கூடாது என்று மர்ஸூக் வேண்டிக்கொண்டான்.

"என்ன மகன், எத்தன கொறயுது?"

"ஒண்டு, ஹாஜியார்." "எப்பிடிப் போட்டாலும் வரமாட்டேங்குது."

ஸலீம் பெருமூச்சு விட்டுச் சட்டைக் கையைச் சுருட்ட ஆரம்பித்தார். ஹாஜியார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மர்ஸூக்கைத் தலையிலிருந்து சப்பாத்துவரை பார்த்தார்.

"சப்பாத்தக் கழட்டு. நீ குந்து."

மர்ஸூக் கழற்றினான். பரீட்சை முடிந்தது, தோற்றவனை மூலையில் உட்கார வைக்கிறார்கள் என்று நினைத்தான். லத்தீபுக்குப் பக்கத்தில் முழங்காலை மடக்கி, தலையைத் தூக்காமல், எண்பத்தொன்பது பேருக்குப் பிறகு தொண்ணூறாவது ஆளாக உட்கார்ந்தான். ஒன்பதையும் பூஜ்யத்தையும் கூட்டிப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

"பிஸ்மில்லாஹ்," என்றார் ஹாஜியார். ஆறு கைகள் தட்டுக்குள் போயின. மர்ஸூக் தன் பக்கத்து ஓரத்திலிருந்து ஒரு கவளம் எடுத்தான்.

ஸலீம் தண்ணீர்ச் செம்போடு அவன் பின்னால் வந்து குனிந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"நல்லாத் தின்னு, மர்ஸூக்," என்றார் காதருகே. "இந்த ஊட்டுல கடைசி ஸஹன்ல மருமகன்தான் குந்துற. ஏழு வருசமா நான் ஒத்த மருமகனாத் திண்டு வாறேன்."